தொப்புள் ஊசியில் தொடங்கிய கதை - எம்.எஸ். ஊசிகளும் பக்கவிளைவுகளும்

"நாய் கடிச்சா தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி!"

கள்ளக்குறிச்சி பக்கத்துக் கிராமங்களில் மட்டுமல்ல, தமிழ்நாடு முழுக்க ஒரு காலத்தில் பிள்ளைகளை மிரட்ட இந்த ஒரு வாக்கியம் போதும். நாயைவிட ஊசிக்குத்தான் பயம் அதிகம். இன்று அந்த ஊசி இல்லை. ஆனால் அந்த ஊசிக்கும், மல்டிபிள் ஸ்கிலரோசிஸ் (சுருக்கமாக எம்.எஸ்.) என்ற நரம்பு நோய்க்கு இன்று போடப்படும் ஊசிகளுக்கும் ஒரு சொந்தம் இருக்கிறது. நாய்க்கடிக்கும் எம்.எஸ்.ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். சம்பந்தம் பக்கவிளைவில்தான் இருக்கிறது!

குன்னூருக்கு வந்த ஊசி

1885-ல் பாரிஸில் லூயி பாஸ்டர், ஜோசப் மெய்ஸ்டர் என்ற சிறுவனுக்கு வெறிநாய்க்கடி ஊசி போட்டார். பதினைந்து ஆண்டுகள் கழித்து 1900-ல் இமயமலை அடிவாரத்துக் கசௌலியில் இந்தியாவின் முதல் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. தெற்கே இருந்தவர்களை நாய் கடித்தால் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து அங்கே போக வேண்டும். 1902-ல் லில்லி பேக்கன்ஹாம்-வால்ஷ் என்ற பெண் வெறிநாய்க்கடி நோயால் இறந்தார். அந்தச் சாவு தெற்கிலும் இப்படி ஒரு நிலையம் வேண்டும் என்ற குரலை எழுப்பியது. ஹென்றி பிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வந்தர் கொடுத்த நன்கொடையும் சேர்ந்துகொள்ள, 1907-ல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் எழுந்தது.

1911-ல் கசௌலியில் டேவிட் செம்பிள் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் புது வகைத் தடுப்பு மருந்தைத் தயாரித்தார். விலங்கின் மூளையில் வெறிநோய்க் கிருமியை வளர்த்து, பீனால் சேர்த்துக் கிருமியைக் கொன்று, அந்த மூளைக் கூழையே ஊசியில் ஏற்றும் முறை அது. செய்வது எளிது, விலை குறைவு, தூர ஊர்களுக்கு அனுப்பவும் முடியும். நோயாளி மலை ஏறி வர வேண்டாம், மருந்தே ஊர் ஊராகப் போகும்! அளவு அதிகம் என்பதால் வயிற்றுத் தோலின் அடியில் போட்டார்கள். நாளுக்கு ஒன்றாக ஏழு முதல் பதினான்கு நாட்கள். தொப்புள் ஊசி பிறந்தது இப்படித்தான்.

இந்த ஊசி லட்சக்கணக்கானோரைக் காப்பாற்றியது. ஆனால் சிலருக்கு வேறொன்றைச் செய்தது.

காப்பாற்றிய ஊசியே முடக்கியது

ஊசி போட்டுக்கொண்ட சிலருக்கு, ஒன்றிரண்டு வாரத்தில் கால் மரத்தது, சிறுநீர் நின்றது, உடல் செயலிழந்தது. சிலர் இறந்தும் போனார்கள். இவர்களைத் தாக்கியது வெறிநோய் அல்ல, ஊசிதான். எத்தனை பேருக்கு இப்படி நேர்ந்தது என்பதில் கணக்குகள் வேறுபடுகின்றன. சில நூறு பேருக்கு ஒருவர் என்பதிலிருந்து சில ஆயிரம் பேருக்கு ஒருவர் என்பது வரை சொல்லப்படுகிறது.

கிருமி செத்துத்தானே போயிருக்கிறது, பிறகு எது முடக்குகிறது? இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டவர் நியூயார்க் ராக்பெல்லர் நிலையத்தின் தாமஸ் ரிவர்ஸ். 1933-லும் 1935-லும் வெளிவந்த ஆய்வுகளில் அவருடைய குழு, கிருமியே இல்லாத முயல் மூளைச் சாற்றைக் குரங்குகளுக்குத் திரும்பத் திரும்பப் போட்டது. குரங்குகளும் முடங்கின. அவற்றின் மூளையில் நரம்பு இழைகளைச் சுற்றியிருக்கும் உறை உரிந்திருந்தது.

மின்சார ஒயரின் மேல் பிளாஸ்டிக் உறை இருப்பதுபோல நம் நரம்புகளின் மேல் மயலின் என்ற கொழுப்பு உறை இருக்கிறது. அந்நிய மூளையைத் திரும்பத் திரும்பக் கண்ட உடலின் பாதுகாப்புப் படை, அதை எதிரி என்று பழகிவிட்டுத் தன் சொந்த நரம்பு உறையையே தாக்கத் தொடங்கியிருந்தது. 1987-ல் தாய்லாந்தில், செம்பிள் ஊசியால் பாதிக்கப்பட்டவர்களை ஆராய்ந்தபோது மயலினின் புரதம் ஒன்றுக்கு எதிராக அவர்கள் உடலில் எதிர்ப்பு கிளம்பியிருந்தது உறுதியானது. இந்தியாவில் நரம்புத் திசு ஊசியின் தயாரிப்பு 2004 டிசம்பரில்தான் நிறுத்தப்பட்டது.

எம்.எஸ். நோயிலும் நடப்பது கிட்டத்தட்ட இதேதான். யாரும் ஊசி போடாமலே, உடல் தன் மயலினைத் தாக்குகிறது. பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். ஒரு கண் மங்குவது, கால் தடுமாறுவது, உடலின் ஒரு பக்கம் மரத்துப்போவது என்று வரும், சில வாரங்களில் சரியாகும், மாதங்கள் கழித்துத் திரும்ப வரும். ரிவர்ஸ் குரங்குகளிடம் உண்டாக்கிய செயற்கை நோய்தான், பிறகு எம்.எஸ். மருந்துகளைச் சோதிக்கும் உரைகல்லாக ஆனது. ஆக, ஓர் ஊசியின் பக்கவிளைவை 'ஏதோ விதி' என்று ஒதுக்காமல் ஒருவர் கேள்வி கேட்டதால் இன்னொரு நோய்க்கு வழி திறந்தது.

1993 - குலுக்கலில் கிடைத்த மருந்து

1957-ல் லண்டனில் ஐசக்ஸ், லிண்டன்மன் என்ற இருவர் இன்டர்பெரான் என்ற பொருளைக் கண்டுபிடித்தார்கள். வைரஸ் தாக்கும்போது உடல் தானே சுரக்கும் எச்சரிக்கை மணி அது. எம்.எஸ்.ஸுக்கும் வைரஸே காரணமாக இருக்கலாம் என்ற ஊகத்தில் 1981-ல் அமெரிக்காவின் பஃபலோ நகரத்து டாக்டர் லாரன்ஸ் ஜேக்கப்ஸ், பத்துப் பேருக்கு அதை முதுகுத்தண்டு வழியாகச் செலுத்தினார். நோய் திரும்பத் தாக்குவது குறைந்தது.

எல்லா இன்டர்பெரானும் ஒன்றல்ல. 1987-ல் காமா வகையை 18 பேருக்குக் கொடுத்துப் பார்த்தபோது 7 பேருக்கு நோய் புதிதாகத் தாக்கியது! உடனே நிறுத்தினார்கள். பீட்டா வகை மட்டும் நின்றது. 372 பேரிடம் நடந்த சோதனையில் அது நோய்த் தாக்குதல்களை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. 1993 ஜூலையில் பீட்டாசெரான் என்ற பெயரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. எம்.எஸ்.ஸின் போக்கையே மாற்றும் முதல் மருந்து அதுதான். கேட்டவர்கள் அத்தனை பேருக்கும் மருந்து இல்லாததால் குலுக்கல் முறையில் நோயாளிகளைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அதே 1993-ன் செப்டம்பரில்தான் தென்னாற்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிந்து, கள்ளக்குறிச்சி விழுப்புரத்தோடு போனது. அதற்கு மேற்கே உள்ள கல்வராயன் மலை ஜாகீர்தார்கள் கையிலிருந்து அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தே அப்போது பதினேழு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன (1976).

மருந்தே காய்ச்சல் தந்தால்?

குலுக்கலில் ஜெயித்தவர்களுக்கும் ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. ஊசி போட்ட சில மணி நேரத்தில் குளிர், காய்ச்சல், உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி வலி. காரணம் எளிது. ஃபுளூ வரும்போது உடம்பு வலிப்பதற்கு வைரஸ் மட்டும் காரணமல்ல, உடல் சுரக்கும் இன்டர்பெரானும் ஒரு காரணம். அதையே ஊசியில் ஏற்றினால் வைரஸ் இல்லாத ஃபுளூ வரத்தானே செய்யும்?

இதைச் சமாளிக்கும் வழிகளை மருத்துவர்களும் செவிலியர்களும் நோயாளிகளும் சேர்ந்து அனுபவத்தில் கண்டுபிடித்தார்கள்:

- முதல் நாளே முழு அளவு போடுவதில்லை. கால் பங்கில் தொடங்கிச் சில வாரங்களில் படிப்படியாக ஏற்றுவது.
- ஊசியை இரவில் படுக்கப் போகும் நேரத்தில் போட்டுக்கொள்வது. காய்ச்சலின் பெரும்பகுதி தூக்கத்தில் கழிந்துவிடும்.
- மருத்துவர் சொன்ன அளவில் பாராசிட்டமால் அல்லது இபுபுரூஃபன் மாத்திரையை ஊசிக்கு முன்னும், தேவைப்பட்டால் பின்னும் எடுத்துக்கொள்வது.
- நிறையத் தண்ணீர் குடிப்பது.

பலருக்கு இரண்டு மூன்று மாதங்களில் இந்தக் காய்ச்சல் தணிந்துவிடும். ஆனால் அந்த இரண்டு மூன்று மாதங்களைத் தாண்டுவதுதான் பெரிய விஷயம்.

இதில் எம்.எஸ். நோயாளிகளுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. உறை உரிந்த நரம்பு சூட்டைத் தாங்காது. உடல் சூடு சற்று ஏறினாலே பழைய தளர்ச்சி திரும்பும், கண் மங்கும். 1890-ல் ஜெர்மன் கண் மருத்துவர் உட்ஹாஃப் இதைக் கவனித்து எழுதினார். ஊசிக் காய்ச்சலிலும் இது நடக்கும். ஊசி போட்ட மறுநாள் காலையில் கால் எழவில்லை என்றால் யாராக இருந்தாலும் என்ன நினைப்பார்கள்? "ஊசியால் நோய் முற்றிவிட்டது!" என்றுதான். காய்ச்சல் இறங்கினால் கால் திரும்பிவிடும், ஒரு நாளுக்கு மேலும் திரும்பவில்லை என்றால் மருத்துவரிடம் போக வேண்டும் என்று முன்னமே சொல்லி வைத்திருந்தால் பாதி பயம் போய்விடும்.

கண்ணுக்குத் தெரியாத பக்கவிளைவுகளும் உண்டு. கல்லீரல் பாதிக்கப்படலாம், ரத்த வெள்ளணுக்கள் குறையலாம். அதனால் முதல் ஆண்டில் சில மாதங்களுக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை கட்டாயம். மனச்சோர்வு இன்னொன்று. 1997-ல் டேவிட் மோர் குழுவினரின் ஆய்வு, இன்டர்பெரான் போடுபவர்களுடைய மனச்சோர்வுக்குச் சிகிச்சை அளித்தால் அவர்கள் ஊசியை விடாமல் தொடர்கிறார்கள் என்று காட்டியது. அதே ஆண்டில் எம்.எஸ். செவிலியர்களுக்கென்று ஒரு சர்வதேச அமைப்பும் தொடங்கியது. ஊசியைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை, ஊசியோடு வாழக் கற்றுக்கொடுப்பது இன்னொரு வேலை என்று உலகம் ஒத்துக்கொண்ட காலம் அது.

எதிர்பாராமல் கிடைத்த இரண்டாவது ஊசி

1960-களின் பிற்பகுதி. இஸ்ரேலின் வைஸ்மன் நிலையத்தில் மைக்கேல் செலா, ரூத் ஆர்னோன், டிவோரா டைடல்பாம் ஆகிய மூவரும் ரிவர்ஸ் காட்டிய அதே செயற்கை நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். மயலின் புரதத்தைப் போன்ற பொருட்களை ரசாயன முறையில் செய்து, அவை விலங்குகளுக்கு நோயை உண்டாக்குகின்றனவா என்று பார்ப்பது திட்டம். உண்டாக்கவில்லை. மாறாக, நோயைத் தடுத்தன! 1971-ல் இந்த முடிவு வெளியானது. குளூட்டாமிக் அமிலம், லைசின், அலனின், டைரோசின் என்ற நான்கு அமினோ அமிலங்களின் கலவை என்பதால் பிறகு கிளாட்டிராமர் என்று பெயர் பெற்றது. 1996 டிசம்பரில் கோபாக்சோன் என்ற பெயரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. குன்னூரிலும் கசௌலியிலும் தயாரான நாய்க்கடி ஊசியின் பக்கவிளைவு, இப்படி ஒரு சுற்றுச் சுற்றி எம்.எஸ்.ஸுக்கு மருந்தாக வந்தது.

இதில் காய்ச்சல் இல்லை. ஆனால் வேறொரு பயமுறுத்தல் உண்டு. ஊசி போட்ட சில நிமிடங்களில் முகம் சிவந்து, நெஞ்சு இறுகி, மூச்சு முட்டி, இதயம் படபடக்கும். சாவே வந்துவிட்டதுபோல் இருக்கும். தினசரி 20 மில்லிகிராம் போட்டவர்களில் சுமார் 16 சதவீதம் பேருக்கு ஒருமுறையாவது இப்படி வந்திருக்கிறது. பெரும்பாலும் கால் மணி, அரை மணியில் தானாக அடங்கிவிடும். உட்கார்ந்து நிதானமாக மூச்சு விட்டால் போதும் என்றுதான் வெகுகாலம் சொல்லிக்கொடுத்தார்கள்.

இங்கேதான் ஒரு முக்கியமான திருத்தம். 2025 ஜனவரியில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், கிளாட்டிராமரால் அரிதாக உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வரலாம், முதல் ஊசியிலும் வரலாம், ஆண்டுக்கணக்கில் போட்ட பிறகும் வரலாம் என்று கட்டம் கட்டிய எச்சரிக்கை விடுத்தது. தொடக்கத்தில் சாதாரணப் படபடப்பும் இந்த ஒவ்வாமையும் ஒன்றுபோலவே இருக்கும். படபடப்பு குறையாமல் கூடிக்கொண்டே போனாலோ, தோல் தடித்தாலோ, உதடு நாக்கு வீங்கினாலோ உடனே 108-ஐ அழைக்க வேண்டும், அடுத்த ஊசியைத் தொடக்கூடாது. அனுமதி கிடைத்து 28 ஆண்டுகள் கழித்தும் ஒரு மருந்தின் பக்கவிளைவு வரலாறு எழுதி முடிந்துவிடவில்லை!

தோல் சொல்லும் கணக்கு

இரண்டு வகை ஊசிகளுக்கும் பொதுவான தொல்லை, போட்ட இடம் சிவப்பது, தடிப்பது, வலிப்பது. இன்டர்பெரானில் சில நேரம் தோல் கறுத்துப் புண்ணாகும். கிளாட்டிராமரில் தோலின் அடியிலுள்ள கொழுப்பு கரைந்து நிரந்தரக் குழி விழலாம். இதற்கு வைத்தியம் ஒரு நோட்டுப் புத்தகம்தான். இன்று வலது தொடை, அடுத்து இடது தொடை, பிறகு வயிறு, கை, இடுப்பு என்று தேதியோடு எழுதிவைத்து இடம் மாற்ற வேண்டும். பிரிட்ஜிலிருந்து எடுத்த ஊசியை உடனே போடாமல் அரை மணி நேரம் வெளியே வைத்துக் குளிர் தணிந்த பிறகு போட வேண்டும். சிவந்த இடத்தில் திரும்பப் போடக்கூடாது. குத்திய ஊசியைக் குப்பையில் எறியாமல் தடித்த பிளாஸ்டிக் டப்பாவில் சேர்க்க வேண்டும்.

ஊசிகளின் எண்ணிக்கையும் குறைந்துகொண்டே வந்தது. தினசரி போட்ட கிளாட்டிராமர் 2014-ல் வாரம் மூன்றாக வந்தது. அதே ஆண்டில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போடும் இன்டர்பெரானும் வந்தது. குறைவான ஊசி என்றால் குறைவான தழும்பு!

இந்தியக் கதை

எம்.எஸ். வெள்ளைக்காரர்களின் நோய், இந்தியாவில் இல்லை என்றே வெகுகாலம் நம்பப்பட்டது. எம்.ஆர்.ஐ. கருவிகள் பெருகிய பிறகு அந்த நம்பிக்கை உடைந்தது. மங்களூர் நகரில் நடந்த கணக்கெடுப்பில் லட்சம் பேருக்குச் சுமார் எட்டுப் பேர் என்று தெரிந்தது. 1985-ல் மும்பையில் தொடங்கிய இந்திய மல்டிபிள் ஸ்கிலரோசிஸ் சங்கத்துக்கு இன்று சென்னையிலும் கிளை உண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, எம்.எஸ்.ஸையும் இயலாமைப் பட்டியலில் சேர்த்தது. ஹைதராபாத் நாட்கோ நிறுவனம் கிளாட்டிராமரை உருவாக்கி, மைலான் நிறுவனம் வழியாக 2017-ல் அமெரிக்கச் சந்தைக்கே அனுப்பியது. 2023-ல் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் எம்.எஸ்.ஸுக்கென்று முதன்முறையாகச் சேர்த்த மூன்று மருந்துகளில் கிளாட்டிராமரும் ஒன்று.

இந்தியாவில் இன்னொரு எச்சரிக்கையும் தேவை. நியூரோமயலைட்டிஸ் ஆப்டிகா என்ற நோய் எம்.எஸ்.ஸைப் போலவே கண்ணையும் தண்டுவடத்தையும் தாக்கும். அதைக் கண்டறியும் ரத்தப் பரிசோதனைக்கு 2004-ல்தான் வழி பிறந்தது. அந்த நோயாளிக்கு எம்.எஸ். என்று நினைத்து இன்டர்பெரான் போட்டால் நோய் மோசமாகலாம். ஊசி போட்டும் தாக்குதல்கள் அதிகமானால், 'பக்கவிளைவு' என்று பொறுத்துக்கொள்ளாமல் நோயே வேறோ என்று கேட்க வேண்டும்.

மலையேறும் ஊசி

இனி கள்ளக்குறிச்சிக்குத் திரும்பலாம். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. 2022 ஜனவரியில் அங்கே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. ஆனால் எம்.எஸ். போன்ற நோய்க்குப் பழகிய நரம்பியல் துறை வேண்டுமென்றால் சேலமோ, நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் புதுச்சேரி ஜிப்மரோ, வேலூரோ, சென்னையோ போக வேண்டியிருக்கும். கல்வராயன் மலையின் வெள்ளிமலையிலிருந்து கிளம்பினால் முதலில் கச்சிராயபாளையத்துக்கு மலை இறங்க வேண்டும், அதன் பிறகுதான் மற்ற பயணம்.

இங்கே ஒருவருக்கு இந்த ஊசி எழுதிக்கொடுக்கப்பட்டால், பக்கவிளைவு அட்டையில் இல்லாத மூன்று கேள்விகள் வரும். முதலாவது, குளிர். இந்த ஊசிகளில் பல 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டியவை. பயணத்துக்கு ஐஸ் பெட்டி வேண்டும். ஆனால் ஊசி உறைந்தாலும் கெட்டுவிடும். வெளியே எத்தனை நாள் தாங்கும் என்பது மருந்துக்கு மருந்து மாறும், வாங்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டாவது, வெயில். மலைமேல் குளிர்ச்சி உண்டு, அடிவாரத்தில் சித்திரை வெயிலோடு ஊசிக் காய்ச்சலும் சேர்ந்தால் நோயாளி துவண்டுவிடுவார். ஈரத்துணியும் நிழலும் அங்கே மருந்துக்குச் சமம். மூன்றாவதுதான் பெரியது: ராத்திரி பத்து மணிக்குக் குளிர் நடுக்கம் வந்தால் யாரைக் கேட்பது?

கேட்க ஆள் இல்லாத இடத்தில் பதில் எப்படி வரும் என்பது தெரிந்ததுதான். "இந்த ஊசி ஒத்துக்கல, விட்டுடு." விட்டுவிட்டால் உடனே ஒன்றும் ஆகாது, காய்ச்சல் நின்று உடம்பு லேசாகக்கூட இருக்கும். மாதங்கள் கழித்து நோய் திரும்பத் தாக்கும்போதுதான் விட்டதன் விலை தெரியும். அதனால் சேலத்திலோ புதுச்சேரியிலோ முதல் ஊசி போடும் நாளில், என்னவெல்லாம் வரும், எது தானாகப் போகும், எதற்குப் பயப்பட வேண்டும், எந்த எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும் என்று நோயாளிக்கும் வீட்டில் ஒருவருக்கும் தமிழில் சொல்லி, ஒரு தாளில் எழுதிக் கொடுப்பது மருந்தின் ஒரு பகுதியே. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்த ஊழியர்களைப் போன்றவர்களிடமும் அந்தத் தாள் இருந்தால் இன்னும் நல்லது.

தொப்புள் ஊசி போட்டவர்களிடம் யாரும் இப்படிச் சொல்லவில்லை. கால் மரத்துப்போனவர்களில் பலருக்கு அது ஊசியால் வந்தது என்றே தெரிந்திருக்காது. அவர்களுடைய துன்பத்தை ஒருவர் ஆராய்ந்ததால்தான் எம்.எஸ். நோயாளிகளுக்கு இன்று மருந்து கிடைத்திருக்கிறது. வெள்ளிமலையிலோ சின்னசேலத்திலோ ஊசியோடு தனியே உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு, அடுத்த சில மணி நேரத்தில் என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே சொல்வது, அந்தப் பழைய நோயாளிகளுக்கும் செய்கிற மரியாதைதான்.